கேட்காமல் மருந்தேற்றாத கரங்களுக்கு

கடமையில் கண்டிப்பும் கண்களில் கனிவும் கலந்து எங்கள் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவைக் கட்டிக்காத்த தலைமைத் தாதியே! உப்புவெளி ஈன்ற உத்தமியே! திருமதி யோகம்மா கதிரவேல் அவர்களே! உங்களிடம் ஏச்சு வாங்காத வைத்தியரும் இல்லை, அன்பு வாங்காத நோயாளியும் இல்லை. ஏச்சையும் அன்பையும் சமமாய் வாங்கிய நாங்கள், நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், உள்ளம் நெகிழ்ந்து இம்மடலை வாசிக்கின்றோம்.

அஞ்சாத அம்மையே! புல்மோட்டையிலிருந்தோ குறிஞ்சாக்கேணியிலிருந்தோ நோயாளி ஒருவர் வந்தால் உடன் நால்வர் வருவதும், கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த நால்வரே பதில் சொல்வதும் எங்கள் பக்கத்து வழக்கம். நீங்களோ அறையில் நோயாளிக்கென்று ஒரேயொரு கதிரை போட்டு, மற்றவர்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, "இனிப் பிள்ளை பெற விருப்பமோ?" என்று கேட்பீர்கள். உயிர் ஊசலாடும் இடத்தில் இது என்ன கேள்வி என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

சல்லிக் கிராமத்து அனுஷியாவின் கதையை அவர் சம்மதத்தோடே சொல்கின்றோம், முன்வரிசையில்தான் இருக்கிறார். மணமான ஆண்டிலேயே அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் திரும்பி வந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புதிய மருந்தை ஏற்ற நாளும் குறித்தாயிற்று. "முடி கொட்டாத மருந்துதானே, அது பிள்ளைப்பேறுக்கு என்ன செய்யப்போகுது?" என்றார் மாமியார் நல்லம்மா. தூண்டிய சக்தி புற்றோடு நில்லாமல் சுரப்பிகளையும் தாக்கலாம், மாதவிடாய் நிற்கலாம், மருந்து உடலில் இருக்கையில் கருத்தரித்தால் கருவுக்கே கேடு வரலாம், இன்னது நடக்கும் என்று அடித்துச் சொல்லப் போதிய ஆய்வும் இல்லை என்று நீங்கள் ஒளிக்காமல் சொன்னீர்கள். கதவைச் சாத்தியதும் அனுஷியா அழுதார்: "எனக்குப் பிள்ளை வேணும் மிஸ். வீட்டில சொல்ல ஏலாது." "அப்ப நான் சொல்லட்டோ?" என்று கேட்டீர்கள். "ஓம்" என்றார்.

சொன்னீர்கள், துணிவின் திருவுருவே! "உயிரும் வேணும், பிள்ளையும் வேணும். ரெண்டையும் கேட்டா என்ன குற்றம்?" என்று மாமியாரிடம் ஒரே போடாகப் போட்டீர்கள். வைத்தியர் துவாரகனோடு வாதாடி, மருந்தைத் தள்ளிப்போட நோய் இடங்கொடுக்கும் என்று அவர் கணித்த இரண்டு கிழமையை வாங்கினீர்கள். அனுஷியாவும் கணவர் வினோஜனும் கொழும்பு சென்று கருக்களை உறையவைத்த பிறகே முதல் மருந்து ஏறியது.

நீங்கள் அஞ்சியதும் நடந்தது. புற்று அடங்கியது, ஆனால் மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி பழுதானது. அவரது ஓயாத தலையிடியையும் களைப்பையும் வெறும் சோர்வென்று விடாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிக் காத்தவரும் நீங்களே. இன்றும் அவர் தினமும் குளிசை விழுங்கித்தான் வாழ்கிறார். மருந்து முடிந்து, வைத்தியர்கள் சொன்ன காலம்வரை பொறுத்திருந்து, தைப்பொங்கல் கழித்து வைத்த முதற்கரு தங்கவில்லை. அன்று நீங்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதபோது எங்களுக்கும் நெஞ்சு வெந்தது.

முப்பதாண்டுக்கு மேல் முகங்கோணாது உழைத்த மூத்தவரே! நோயணுகா உடலும் நிறைந்த ஆயுளும் பெற்று நீடு வாழ்க! வீட்டில் ஓய்ந்திருங்கள் என்றும் வாழ்த்தத்தான் நினைத்தோம், முடியவில்லை. உறைநிலையில் இன்னும் இரண்டு கருக்கள் காத்திருக்கின்றன. வரும் திங்கள் கொழும்பு பஸ்ஸில் தன் பக்கத்து சீற்றை அனுஷியா உங்கள் பெயரில் பதிந்துவிட்டார். வினோஜன் பின்னுக்கு இருக்கட்டுமாம். போய் வாருங்கள், மிஸ்!

என்றும் உங்கள் ஏச்சுக்கு ஏங்கும்,
புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு ஊழியர்கள்,
திருகோணமலை.