பதினேழாம் கோடு

வேணாம் சார், ஆணி அடிக்காதீங்க. படத்தை மேஜை மேலயே வைங்க. அம்மா உள்ள தூங்கறாங்க, இப்பதான் கண்ணசந்தாங்க.

கடல் வரைபடம், கண்ணாடிச் சட்டமெல்லாம் போட்டு நல்லாத்தான் இருக்கு. ஐயோ, விளக்க வேணாம், தெரியும். பத்தாவதோட நின்னவதான் நான். ஆனா அக்கா, கடலடிய அளக்கற உங்க கப்பல்லேந்து லீவுல வந்தா வேற பேச்சே கிடையாதே. கட்டில்லேந்து போர்வையத் தொங்கவிட்டு, கட்டில்தான்டி நம்ம நாடு, இந்தச் சரிவு தரையத் தொடுற எடத்துலேந்து அளந்துதான் கடலடி நிலத்தை நமக்குன்னு கேக்கணும்பா.

கேட்டாத் தூக்கிக் குடுத்துடுவாங்களான்னு கேட்டேன். நறுக்குனு ஒரு குட்டு. பல நாட்டு நிபுணருங்க உக்காந்து துருவுவாங்களாம். சரிவு இங்கதான் முடியுதுன்னு எப்படிச் சொல்ற, அடியில மண்ணு எவ்வளவு கனம், காட்டுன்னு. கப்பல் அளந்துக்கிட்டே போற கோடு நடுவுல அறுந்திருந்தா போச்சாம்.

இந்தச் செவப்புதானே சார் பதினேழு? இப்ப உள்ள வரும்போதே சொன்னீங்களே, இதை வெச்சுத்தான் கேட்டது மொத்தமும் கெடச்சுது, இவ்வளவு சுத்தமான கோட்டைப் பாத்ததே இல்லன்னு அந்த நிபுணருங்களே பாராட்டினாங்கன்னு. சந்தோஷம்.

அக்கா போன சேதி சொல்ல அன்னைக்கும் நீங்கதான் வந்தீங்க. இதே நாற்காலி. பின்தளத்துல கேபிளைப் பாக்கப் போனா, அலை இழுத்துட்டுப் போயிடுச்சு, உடனே கப்பலைத் திருப்பி இருட்டற வரைக்கும் தேடினோம்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டுத்தான் எங்கம்மா உசுரோட இருக்காங்க. யார் வந்தாலும் அதையேதான் சொல்வாங்க. எம்பொண்ண அப்படியே விட்டுட்டு வரலையாம், தேடினாங்களாம்னு.

தண்ணி குடிங்க சார், வேர்க்குது பாருங்க.

கடலடிய அளவெடுக்கக் கப்பல் அம்மாம்பெரிய கேபிளைப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போகுமாம். அது போற வழியேதான் கோடாம். கப்பல் தும்மினாக்கூடக் கோட்டுல தெரியும்டின்னு சொல்லிச் சிரிப்பா.

இதோ, கோட்டுப் பக்கத்துலயே பொடி எழுத்துல தேதியும் நேரமும் போட்டிருக்கு. அவ விழுந்த நாள். இந்த முனை விடியக்காலை, அந்த முனை ராத்திரி. வாசல்ல படத்தை எங்கிட்டக் குடுத்துட்டு நீங்க செருப்பைக் கழட்டறதுக்குள்ள நான் விரலை வெச்சு ஓட்டிப் பாத்துட்டேன்.

எங்கயுமே நிக்கல சார். வளையவும் இல்ல.

எழுந்துட்டீங்களா? படத்தையும் எடுத்துக்குங்க. போர்வைப் பாடம் எனக்கு மட்டும் எடுக்கல அவ. பக்கத்துல அம்மாவும்தான் உக்காந்திருந்தாங்க.