மூன்று கால் அம்மியும் ஒரு சம்பந்தமும்

நேரம் தவறாமல் இந்த மங்கல அவையை நடத்திக்கொண்டிருக்கும் தலைவர் நவரத்தினம் அவர்களே; காலையெல்லாம் மந்திரம் ஓதிக் களைத்து, இப்போது முன்வரிசையில் இலேசாகக் கண்ணயர்ந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே; நரை கண்டும் நடை தளராத மூத்தோர்களே; பட்டுச்சேலை கசங்கினாலும் பரவாயில்லை என்று பிள்ளைகளை மடியில் தாங்கியிருக்கும் தாய்மார்களே; ஸ்டுட்கார்ட்டிலிருந்து விடியமுன் வெளிக்கிட்டு வந்த அன்பர்களே; எங்கள் கத்தரிக்காய்க் குழம்பைக் கண்ணீர் மல்கக் கண்ணியமாக உண்டு முடித்த மாப்பிள்ளை வீட்டாரே; மாலையும் கழுத்துமாய் மலர்ந்திருக்கும் மணமக்களே! மன்னார் மண்ணில் பிறந்து, இந்த ஜேர்மன் ஹம் நகரத்தில் பஸ் ஓட்டிப் பிழைக்கும் கிறிஸ்தோப்பரின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும் உரியது.

ஒரு வேதக்காரக் கிறிஸ்தவனுக்குச் சைவக் கல்யாண மேடையில் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கோ. சம்பந்தம் என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிப் பேசத்தான் ஏறியிருக்கிறேன். பின்வரிசையில் யார், சந்திரகாந்தி அக்காவா? ஐஸ்கிறீம் கரைகிறது என்கிறீர்கள். கரையட்டும் அக்கா, கல்லே கரைந்த கதையை அல்லவா சொல்லப்போகிறேன்.

மணமகளின் தகப்பனார் உருத்திரமூர்த்தி அண்ணையை உங்களுக்குத் தெரியும். தேர்த்திருவிழாவுக்கு இங்குள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் எல்லோருக்கும் அவர் குரல் தெரியும், ஒலிபெருக்கி பழுதானால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் பங்குனியில் அவருடைய ஒரே மகள் ஆதிரை வந்து, "அப்பா, நான் தோமஸைத்தான் கட்டப்போறன்" என்றாள். தோமஸ் யார்? பக்கத்து சோஸ்ட் நகரத்துப் பையன். தகப்பன் ஒஸ்டர்காம்ப் ஜேர்மன்காரர், முன்பு மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தா றீக்காவில் பாலம் கட்டிய பொறியியலாளர். தாய் மரிசோல் அந்த நாட்டிலேயே பிறந்தவர். அண்ணை கேட்டது ஒரே கேள்விதான்.

"அவையின்ர நாடு எங்கை, எங்கட நாடு எங்கை? அவைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

ஆதிரையும் அவர் பெற்ற பிள்ளைதானே? "தோமஸை விட்டு வேறை ஆரையும் கட்டமாட்டன். நீங்கள் இல்லாத மணவறையிலை இருக்கவும் மாட்டன்" என்றாள். அந்த வீட்டில் அதன்பிறகு சாப்பாடு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. தாய் கமலநாயகி அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று உருகினார். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் வீட்டைப் பார்க்க வரும்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாளும் நேரமும் குறித்து டெர்மின் வைத்தார்கள். அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"கிறிஸ்தோப்பர், டெர்மின் வைச்சாப் பிறகு போகாமல் விட்டால் மரியாதை இல்லை. போய்ப் பாத்திட்டு, இது சரிவராது எண்டு நேரா சொல்லிப்போட்டு வாறன். நீயும் வா. நான் இளகினால் பக்கத்திலை நிண்டு இடிச்சுவிடு."

அப்படி, அக்காவும் ஆதிரையும் கூடவர, இடிப்பதற்காகப் போனவன் நான்.

ஒஸ்டர்காம்ப் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க ஒரு சின்ன மியூசியம். கொலம்பஸ் கால் வைப்பதற்கு முன்னமே அந்த அமெரிக்க மண்ணில் வாழ்ந்தவர்கள் செய்த பொருட்கள், அவையோரே! பேர் தெரியாத ஒருவர் பிசைந்த மண், பேர் தெரியாத ஒருவர் தீட்டிய சிறுத்தை, பேர் தெரியாத ஒருத்தி கழுத்தில் அணிந்த பச்சைக் கல், பெருவிரல் அளவில் ஒரு பொன் தவளை. அவர்கள் பேசிய பேச்சு எங்கே? ஆண்ட அரசு எங்கே? ஆடிய ஆட்டம் எங்கே? எல்லாம் போய், அடுப்படிச் சட்டி மட்டும் அழியாமல் நிற்கிறது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அண்ணையோ வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

மூலையில் ஒரு கல் இருந்தது. கண்ணாடிப் பெட்டி இல்லை, கயிறு இல்லை. கீழே மூன்று கால், மேலே பள்ளம் விழுந்த பலகை, முன்னுக்குச் சிறுத்தையின் தலை நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் வலி. பார்த்தேன். உயரம் சரி, முன்னுக்கு நீட்டும் சரி. நான் என்ன நினைப்பேன்? எங்கள் வீட்டில் எது அப்படி இருக்கும்? சொல்லுங்கோ பார்ப்போம். ஓம், அந்தப் பிள்ளை சரியாகச் சொல்லுது: திருவலை! தேங்காய் திருவும் திருவலை! திருவலை என்றால் குந்தத்தானே வேணும்? குந்திவிட்டேன்.

"எழும்படா! அம்மியிலை ஆரும் இருக்கிறதே?" என்று ஒரு குரல். அதே நொடியில் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், இன்னொரு குரல். அதையும் எங்கள் தமிழிலேயே சொல்கிறேன்: "எழும்புங்கோ, அரைக்கிற கல்லிலை இருக்கக்கூடாது!"

முதல் குரல் உருத்திரமூர்த்தி அண்ணை. இரண்டாம் குரல் மரிசோல் அம்மா.

நான் துள்ளி எழும்பினேன். என்னை யார் பார்த்தார்கள்? அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு என்று ஒஸ்டர்காம்ப் பதறியது வேறு. இவர்கள் இரண்டு பேரும் பதறியது பழமைக்காக அல்ல, சோறு தந்த கல்லுக்காக.

"உங்களுக்கு ஆர் சொன்னது, இருக்கக்கூடாது எண்டு?" அண்ணை கேட்டார்.

"என்ர அம்மா" என்றார் மரிசோல். "உங்களுக்கு?"

"என்ர அம்மாதான்."

அந்த வீட்டுக்குள் வந்தபின் அண்ணை பின்னால் கட்டியிருந்த கையை அப்போதுதான் அவிழ்த்தார். குனிந்து கல்லின் பள்ளத்தைத் தடவினார். கமலநாயகி அக்கா, இதில் என்ன அரைப்பார்கள் என்று கேட்டார். சோளம் என்றார் மரிசோல். மிளகாயும்தான் என்றார்.

"மிளகாய் எங்கட சாமானெல்லோ?" அண்ணை நிமிர்ந்தார்.

ஒஸ்டர்காம்ப் மெதுவாக, மிக மரியாதையாக, மிளகாய் பிறந்தது அமெரிக்கக் கரையில் என்றும், போர்த்துக்கேயக் கப்பலில்தான் எங்கள் பக்கம் வந்தது என்றும் சொன்னார். அண்ணையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேணும். மிளகாய்த்தூள் இல்லாமல் பழஞ்சோறும் தின்னாத மனுஷன்.

அந்த நேரம் பார்த்துக் கமலநாயகி அக்கா வாய் திறந்தார். இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவர் பேசிய மிகச் சிறந்த பேச்சு அதுதான் என்று அண்ணையே ஒப்புக்கொள்கிறார்.

"இஞ்சாருங்கோ, மிளகாயைக் கேள்வி கேளாமல் அடுப்படி வரைக்கும் விட்டனாங்கள். இந்தப் பெடியனை மட்டும் வாசல்லை மறிக்கிறதோ?"

தாய்மார்களே, கைதட்டுகிறீர்கள், தட்டுங்கோ. ஆனால் அன்று அந்த அறையில் யாரும் தட்டவில்லை. ஆதிரை தகப்பனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். மனுஷன் இளகுகிறார் என்று தெரிந்தது. இடிக்கவேண்டிய ஆள் நான். இடிக்கவில்லை, ஒரு அடி தள்ளி நின்றேன்.

அண்ணை தொண்டையைச் செருமி, ஒஸ்டர்காம்பிடம் கேட்டார்: "இந்தக் கல்லை ஒரு நாளைக்கு இரவல் தருவீங்களோ? தாலி கட்டினாப் பிறகு என்ர மகள் அம்மி மிதிக்க வேணும்."

சம்மதம் என்று அவர் சொல்லவே இல்லை, சபையோரே. கல்லைத்தான் கேட்டார். ஆதிரைக்கு விளங்கிவிட்டது. ஓடிவந்து தகப்பனின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

ஒஸ்டர்காம்ப் வெளிறிப்போனார். மெல்லிய தூரிகையால் தூசு தட்டி வளர்த்த கல் அது, வாசல் தாண்டியதே இல்லை. மரிசோல் அம்மா சொன்னார், "அது வேலை செய்யப் பிறந்த கல்லு, போகட்டும்." பிறகு அண்ணையிடம் திரும்பி, இருப்பது பிழை என்றால் மிதிப்பது மட்டும் எப்படிச் சரி என்று கேட்டார். அண்ணை விளக்கினார்: "இருக்கிறது சோம்பல். மிதிக்கிறது சத்தியம். இந்தக் கல்லு மாதிரி நானும் அசையமாட்டன் எண்டு பொம்பிளை சொல்லுறது."

"அப்ப மாப்பிள்ளை எப்ப மிதிக்கிறது?" என்றார் மரிசோல் அம்மா.

பெருமக்களே, இந்தக் கேள்விக்கு விடை உண்டா? அண்ணையிடம் இல்லை. என்னிடம் இல்லை. உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? இன்று காலை விடை கிடைத்தது. தோமஸ் ஆதிரையின் காலைப் பிடித்து அந்த மூன்று கால் அம்மியில் வைத்து மெட்டி இட்டார். இட்டுவிட்டு, தன் காலையும் பக்கத்தில் வைத்தார். குருக்கள் ஐயா இருமினார், ஆனால் தடுக்கவில்லை. பிறகு பட்டப்பகலில் மண்டபத்துக் கூரை விளக்கைக் காட்டி அருந்ததி என்றார், மணமக்கள் நம்பினார்கள். நாங்களும் நம்பினோம்.

நாளைக்கு அந்தக் கல் சோஸ்டுக்குத் திரும்பிப் போகிறது. அதன் பள்ளத்தில் எங்கள் மஞ்சளும் குங்குமமும் ஒட்டியிருக்கிறது. நான் துடைக்கத் துணி கொண்டு போனேன். தூசு படவிடாத அந்த ஒஸ்டர்காம்ப் என் கையைப் பிடித்தார். "விடுங்கோ, அதுவும் அந்தக் கல்லின்ர சரித்திரம்தானே" என்றார்.

வாழ்த்துச் சொல்ல வந்தேன், கதை சொல்லிவிட்டேன். மணமக்களே, அரைத்தாலும் தேயாத அன்போடு, அசைத்தாலும் அசையாத உறவோடு, உறைப்பும் இனிப்புமாய் வாழுங்கோ. பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், நேரம் கடந்தும் மணியடிக்காத தலைவருக்கும் என் நன்றி.

இறங்குமுன் ஒன்று. காலையில் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்ற குணேஸ்வரி அக்கா, வேட்டி கட்டத் தெரியாமல் ஒரு கையால் பிடித்தபடி வந்த ஒஸ்டர்காம்பைக் காட்டி, "உந்த வெள்ளைக்காரர் ஆர் அண்ணை?" என்று கேட்டார். உருத்திரமூர்த்தி அண்ணை, ஒலிபெருக்கி தேவைப்படாத அந்தக் குரலில், கார் தரிப்பிடம் வரைக்கும் கேட்கச் சொன்னார்:

"அவரோ? அவர் என்ர சம்பந்தி."

வணக்கம்.