காலிக் கட்டம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். "கல்லு ஒடச்ச கைக்கு எங்கிருந்துடா வந்தது தசரதா" என்று திருவண்ணாமலை ஆபீசில் கேலி செய்வார்கள்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் நானூறு வீடுகளுக்கு நான் மலேரியா ஆள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போய், காய்ச்சல்காரர் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, கதவுக்குப் பின்னால் சுவரில் தேதி எழுதிவிட்டு வருவேன். வெளியூர் ஆள்தான் காய்ச்சலைக் கொண்டுவருவான் என்பதால் விருந்தாளி உண்டா என்றும் கேட்பேன். அடுப்படிவரை எனக்கு வழி உண்டு.

எண்பதாம் வருஷம் ஜீப்பில் வந்த ஒருவர் வேறொரு படிவம் கொடுத்தார். யார் வந்து தங்குகிறார்கள், எந்த ஊர், எந்தச் சங்கம்.

"எல்லாம் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. கட்டம் காலியா இருந்தா மெஷின் தாளைத் திருப்பித் துப்பிடும்."

இரண்டு வருஷம் ஒரு கட்டத்தையும் நான் காலியாக விடவில்லை. யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, யார் யாரோடு பேச்சில்லை என்று கேட்காததையும் ஓரத்தில் எழுதினேன்.

அப்போதுதான் என் நானூறு வீடுகளில் ஒன்றான தனம் வீட்டில் அவள் தம்பி அருணகிரி காய்ச்சலில் கிடந்தான். கல்குவாரி ஆட்களைத் திரட்டிக் கூலி கேட்டவன்; அதற்காக அவனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. தனமே அவன் விரலைப் பிடித்து நீட்டினாள்.

"ரத்தம் எடுத்துக்குங்கண்ணே. பேரை மட்டும் எழுதாதீங்க."

"எழுதலம்மா. மாத்திரையை முழுங்கச் சொல்லு."

"கசக்குதாம் தொரைக்கு. கூலி கேக்கறப்ப மட்டும் வாய் ஜாஸ்தி."

அங்கே எழுதவில்லை. சாயங்காலம் வீட்டில் தாளை விரித்தேன். பக்கம் முழுக்க என் எழுத்து, நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டம். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவன் பேரை எழுதினேன். "மூன்று நாளைக்கு எழுந்து நடக்க மாட்டான்" என்று ஓரத்தில் சேர்த்தேன். அது உண்மைதான்.

இரண்டாம் நாள் ஜீப் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனது. நான்காம் நாள் ஏரிக்கரையில் பிணமாகக் கிடந்தான்.

மற்ற ஊர் மலேரியா ஆட்கள் பாதிக் கட்டத்தை நிரப்பவேயில்லை என்று பிறகு தெரிந்தது. யாருடைய தாளும் திரும்பி வரவில்லை.

தனம் என்னிடம்தான் வந்தாள்.

"யாரோ காட்டிக் குடுத்துட்டாங்கண்ணே. வேலூர்ல இருக்கற நம்ம ஜில்லா கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்காங்க?"

எழுதிக் கொடுத்தேன். அவன் வயது, ஜீப் வந்த நேரம், எல்லாம் சரியாக. காட்டிக்கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை என்றும் சேர்த்தேன். செய்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றுவரை அவள் கேட்ட எதற்கும் நான் மாட்டேன் என்று சொன்னதில்லை.