நாகாத்தம்மன் உலையின் அறிக்கைகள்

என் பெயர் ஜெனிபர், வயது 27, த/பெ. யேசுதாஸ். புதுவாயல் கூட்டுரோடு அருகில் குடியிருக்கிறேன். சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்கிறேன். அதே ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி தேசப்பன் மீது மேலாளர் அன்புசெல்வன் கொடுத்த புகார் சம்பந்தமாக என்னை விசாரிக்கச் சொல்வதாவது:

எங்கள் ஆலையில் உலைகளுக்கு அம்மன் பெயர் வைப்பது வழக்கம். பழைய உலை கங்கை. அதன் சோதனை அறிக்கைகளைத் தினமும் ஒரு பைத்தான் ப்ரோகிராம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பும். சமீபத்தில் புது உலைக்குப் பூசணிக்காய் உடைத்து நாகாத்தம்மன் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு மேலாளர் யாரையும் கேட்காமல் பழைய ப்ரோகிராமை நகலெடுத்து, 'D:\ganga' என்றிருந்த இடத்தில் 'D:\nagathamman' என்று மாற்றிவிட்டார். அன்று முதல் புது உலையின் அறிக்கை எதுவும் இல்லை என்றே திரையில் வந்தது. அந்த உலையில் நிற்பவர் தேசப்பன். அவர்தான் அழித்துவிட்டார் என்று கேட்டிலேயே நிறுத்தி, போலீசில் புகாரும் கொடுத்துவிட்டார்கள். இன்று காலை முதல் அவரை நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவரை நிரந்தரம் செய்யும் உத்தரவு இந்த மாதம் வர வேண்டியது. கேஸ் என்று ஒன்று விழுந்தால் அவ்வளவுதான்.

அதன் பிறகு நான் மேலாளரிடம், போல்டரைத் திறந்து பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, "ப்ரோகிராமே இல்லன்னு சொல்லுது, நான் வேற இன்னாத்துக்குப் பாக்கணும்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரையும், விசாரணைக்கு ஆலைக்கு வந்திருந்த உதவி ஆய்வாளரையும் உலைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போய் போல்டரைத் திறந்தேன். அறிக்கைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. பைத்தானில் மேற்கோளுக்குள் \ குறியை அடுத்து n வந்தால், அதை அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும், போல்டர் பெயர் உடைந்துபோகும். g வந்தால் அப்படிக் கட்டளை ஏதும் இல்லை, கங்கை அதனால்தான் தப்பித்தது என்று விளக்கினேன். \ குறியை வெறும் குறியாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லும் r என்ற ஒரே எழுத்தை மேற்கோளுக்கு முன்னால் சேர்த்து ஓட்டியதும் அறிக்கைகள் வரிசையாக வந்து விழுந்தன. உதவி ஆய்வாளர், "யம்மா, இதுக்கா ஒரு ஆள காலையிலருந்து குந்த வச்சிக்கினு இருக்கோம்?" என்றார்.

அதன் பிறகு நிலையத்துக்கு வந்தோம். மேலாளர் தேசப்பனின் தோளில் கை வைத்து, "மனசுல வச்சிக்காத தேசப்பா, கேஸு இல்ல, நாளைக்கு ஷிப்ட்டுக்கு வந்துடு" என்றார். தேசப்பன் எழுந்திருக்கவில்லை. "வாயால சொன்னா ஆவாது சார். நான் அழிக்கலன்னு எழுதிக் குடுங்க. பர்மனென்ட் ஆர்டர் போடறவங்க அத்தப் பாக்கணும்" என்றார். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் மேலாளர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். தேசப்பன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார்.

என் வாக்குமூலத்தை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, பொய் ஏதும் கலக்கவில்லை.

(ஒப்பம்) ஜெனிபர்