டாக்டரிடம் கேட்க ஒரு மெட்டு

இல்ல தம்பி, சினிமாப் பாட்டு இல்ல. இங்கிலீஷ் பாடம். முணுமுணுத்தது அங்க வரைக்கும் கேட்டுடுச்சா?

பையன் வேலையில சொல்லிட்டுப் பத்தரைக்குத்தான் வருவான். நான் முன்னாடியே வந்து டோக்கனைப் பத்து மணிக்கு மாத்தி வாங்கிட்டேன். அவன் வர்றதுக்குள்ள தனியா டாக்டர்கிட்ட பேசிடணும், அதுக்குத்தான் இவ்வளவு ஒத்திகை. நீங்க கைக்கட்டு பிரிக்கத்தானே? அப்ப நிதானமாக் கேளுங்க.

எனக்குத் தொழில் ஜன்னல் திரை தைக்கிறது. இங்கிலீஷ்னாலே சின்ன வயசுலேர்ந்து ஓடி ஒளிவேன். இப்ப நாலு மாசமா, பெரியவங்களுக்குன்னு நடத்தற கிளாஸுக்குப் போறேன். டீச்சர் என் பையனை விடச் சின்னவங்க. புத்தகமே கிடையாது. ஒரு கீபோர்டு, அதுலயும் ரெண்டு கட்டை வேலை செய்யாது. உங்களுக்கு எந்த வாக்கியம் வேணும்னு கேட்பாங்க. சொன்னா, அதை இங்கிலீஷ்ல மெட்டு போட்டு மொத்த கிளாஸையும் பாட வச்சுடுவாங்க.

ஆமாங்க, எல்லாரோடதையும் எல்லாரும் பாடணும். பிளம்பருக்கு, வாஷர் மாத்தினா பத்தாது சார், பைப்பையே மாத்தணும்னு ஒரு பாட்டு. முடி வெட்டறவருக்குத் தலையை ஆட்டாதீங்கன்னு ஒண்ணு. லாரிக்காரர் வண்டி பின்னால வருது, நகருங்கன்னு பாடினா ஜன்னல் கண்ணாடியே அதிரும். இப்ப என்னை எந்த ஊர்ல கொண்டு போய் விட்டாலும் பைப்பை மாத்தச் சொல்லியே பொழச்சுக்குவேன்.

ஒரே தொல்லை, மெட்டு இல்லாம வாயில வர மாட்டேங்குது. இப்பக்கூட கவுண்டர்ல ராகத்தோடதான் டோக்கனை மாத்திக் கேட்டேன். அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சுட்டு, முழுசாக் கேட்டுட்டுத்தான் குடுத்துச்சு. சிரிங்க, சிரிங்க. தைக்கும்போதும் கால் தாளத்துக்கு மிதிக்குது. போன வாரம் ஒரு திரைக்கு ஓரம் பூரா நெளிஞ்சு போச்சு.

பையனா? தங்கமான பையன், அதான் சிக்கலே. டாக்டருக்குத் தமிழ் தெரியாதா, இங்கிலீஷ்ல பத்து நிமிஷம் பேசுவார், ஸ்கேன் படத்தைக் காட்டுவார், கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பார். இவன் என் பக்கம் திரும்பி, ஒண்ணுமில்லம்மா, மாத்திரையை ஒழுங்காப் போடச் சொல்றார்ம்பான். பத்து நிமிஷப் பேச்சுக்கு அவ்வளவுதானா தமிழ்? அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டான்.

அதான் டீச்சர்கிட்ட எனக்கு ஒரு கேள்வி வேணும்னேன். இன்னும் எவ்வளவு காலம் இருக்கு டாக்டர்னு கேட்கணும். அவங்க கீபோர்டோட என் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. அப்புறம் மெட்டு போட்டாங்க. மருந்து எத்தனை நாளைக்குன்னு கேட்கப் போறேன்னு நினைச்சுக்கிட்டு பிளம்பர் கை தட்டித் தட்டிப் பாடினார்.

கேள்வி வந்துடுச்சு, பதில் புரியணுமே? மனுஷன் கடகடன்னு பேசுவார். டீச்சர் சொன்னாங்க, மத்ததை விடுங்க, நாலே வார்த்தைக்குக் காதைக் குடுங்க. டேஸ், வீக்ஸ், மந்த்ஸ், இயர்ஸ். நாலுல எது அவர் வாயில வருதுன்னு பிடிச்சா போதும். இதுக்கும் மெட்டு போடுங்கன்னேன். இதுக்கு என்னால முடியாதும்மான்னுட்டாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, சும்மாவே திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்தாங்க.

இருங்க, என் நம்பர்தான். பச்சைச் சட்டையில ஒருத்தன் மூச்சு வாங்க ஓடி வருவான். அம்மா உள்ள போயாச்சு, தனியாக் கேட்டுக்கறேன்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க. பக்கத்துல உக்கார வச்சுக்குங்க தம்பி. பாவம், நாலு மாசமா ஒத்தையில சுமந்துட்டிருக்கான்.