பார்த்துப் பார்த்து வாங்கின வண்டி

எனக்கு எதையும் பாத்து வாங்கத் தெரியாதுன்னு எங்க வீட்ல எல்லாரும் சொல்வாங்க சார். முதல்ல இதைச் சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொல்லணும், ஏன்னா எல்லாம் அதுலேர்ந்துதான் ஆரம்பிக்குது.

அவங்க சொல்றதுலயும் தப்பில்லை. நான் வாங்கின கைக்கடிகாரம் என் கல்யாணத்தன்னைக்கே நின்னுபோச்சு. நான் வாங்கின ஃபிரிட்ஜ் சூடா இருக்கும், ஹீட்டர் ஜில்லுன்னு இருக்கும். முதல் கார் வாங்கினப்போ நாலு பேர் அதை வீட்டு வாசல்வரைக்கும் தள்ளிட்டு வந்தாங்க. நான் உள்ள உக்காந்து கையாட்டிட்டு வந்தேன். என் மூஞ்சி அப்படி. என்னைப் பாத்தாலே கடைக்காரன் விக்காத சரக்கைத் தேடி உள்ள ஓடுவான்.

இதையெல்லாம் ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சவர் என் மச்சான், என் மனைவிக்கு அண்ணன். நாலு பேர் கூடினாப் போதும், "நம்ம ஏமாளி மாப்ளை காரைத் தள்ளவச்சுக் கொண்டுவந்த கதை தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சுடுவார். நான் கையாட்டினதை நடிச்சே காட்டுவார். நல்லா நடிப்பார், அதை ஒத்துக்கணும். நானும் சேந்து சிரிப்பேன். போன மாசம் என் பொண்ணோட பிறந்தநாள்ல அவளே எழுந்து நின்னு அதை நடிச்சுக் காட்டினா. எட்டு வயசு அவளுக்கு. மாமா சொல்லிக்கொடுத்தாராம். அன்னைக்கும் சிரிச்சேன் சார். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்னேன்.

அடுத்த வாரம்தான் பழைய கார் விக்கிற யார்டுக்குப் போனேன். ஒரு சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. வழுக்கை விழுந்து தொப்பை போட்டவனுக்கு வர்ற ஆசைதான். புதுசு வாங்க வக்கில்லை. ரெண்டு கை மாறினதா இருந்தாலும் உறுமினாப் போதும்னு நினைச்சேன். இந்தத் தடவையாவது ஒழுங்காச் செய்வோம்னு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனேன். ஆசைக்கும் தேவைக்கும் சேத்து ஒரே வண்டியா அமையணும்னு சொன்னேன். "உங்க தேவை என்ன சார்?"ன்னு கேட்டார். குடும்பத்தோட போக வரன்னேன். அப்போ நிஜமாவே அவ்வளவுதான் நினைச்சிருந்தேன்.

ரெண்டு வண்டி தேறிச்சு. வெள்ளை ஒண்ணு, நீலம் ஒண்ணு. "வெள்ளையைக் கண்ணை மூடிட்டு எடுங்க, நீலம் பக்கமே போகாதீங்க"ன்னார். நீலம் ஒரு தடவை எங்கேயோ முட்டியிருக்கு. டிரைவர் பக்கம் புது ஏர்பேக் போட்டுட்டாங்க. பக்கத்து சீட்டுக்கு வெறும் மூடியை மட்டும் ஒட்டிட்டு, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஒயரை மாத்தி விட்டிருக்காங்க. வெளியிலேர்ந்து பாத்தா யாருக்கும் தெரியாது. "மறுபடி முட்டினா, அந்த சீட்ல இருக்கறவர் கதை முடிஞ்சது"ன்னு சொல்லிட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டார்.

யோசிச்சுச் சொல்றேன்னு அவரை அனுப்பி வச்சேன். வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்கினேன். மறுநாள் தனியாப் போய் நீலத்தைக் கேட்டேன்.

விக்கிறவர்கிட்ட, "பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் இல்லைதானே?"ன்னு நேராவே கேட்டேன். மனுஷனுக்கு வேர்த்துடுச்சு. குட்டு வெளிப்பட்டுடுச்சுன்னு நினைச்சு, "என் செலவுலயே போட்டுக் கொடுத்துடறேன் சார்"னார். வேணாம், அப்படியே இருக்கட்டும்னேன். என்னை ஏற இறங்கப் பாத்தார். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வியாபாரி என்னைப் பாத்துப் பயந்தார். எனக்கு அது பிடிச்சிருந்தது.

மச்சான் எங்க போனாலும் முன்சீட்லதான் உக்காருவார். சட்டை கசங்கும்னு பெல்ட் போட மாட்டார். வண்டி கத்தாம இருக்க, பெல்ட்டை முதல்லயே மாட்டிட்டு அது மேல உக்காந்துக்குவார். இதெல்லாம் நான் பழக்கிவிட்டதில்லை. என் மனைவியையும் பொண்ணையும் நான் ஒருநாளும் முன்னால உக்கார விடலை. பின்சீட்ல ரெண்டு பேரும் பெல்ட் போட்டாத்தான் வண்டியை எடுப்பேன். எவ்வளவு அக்கறை பாருன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தார். வண்டியைச் சுத்திப் பாத்துட்டு, "இதுக்கும் நாலு பேரை வரச் சொல்லவா மாப்ளே?"ன்னார். வாங்க மச்சான், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்னேன். பெல்ட்டை மாட்டி அது மேல உக்காந்தார்.

கிடங்குகளுக்குப் பின்னால ஆளில்லாத ரோடு. வண்டி அருமையா இழுத்துச்சு. "பரவாயில்லையே, நல்ல வண்டியாத்தான் பிடிச்சிருக்கே"ன்னார். அவர் வாயிலேர்ந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. உண்மையைச் சொல்றேன், என் கால் தானா ஆக்சிலரேட்டர்லேர்ந்து எழுந்துடுச்சு. இத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே. அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். ஆனா அடுத்ததா அவர், "ஆமா, யார் பாத்துக் கொடுத்தாங்க?"ன்னு கேட்டார்.

பாதியில விட்ட பாலத்தோட தூண் ஒண்ணு நேரா முன்னால இருந்தது. என் சீட்டோட ஏர்பேக் ஒழுங்காத் திறந்துச்சு. எனக்கு மூக்குக்கண்ணாடி மட்டும்தான் உடைஞ்சது.

நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா விபத்துன்னு மூடியிருப்பீங்க. அது எனக்கும் தெரியும். ஆனா துக்கத்துக்கு வந்தவங்க ஒருத்தர் பாக்கியில்லாம, "பாவம், இந்த ஏமாளி தலையில எவனோ ஓட்டை வண்டியைக் கட்டிட்டான்"னு சொல்லிட்டுப் போறாங்க. என் மனைவி அழுதுக்கிட்டே, "உங்க மேல தப்பில்லைங்க, உங்களை ஏமாத்திட்டாங்க"ன்னு என் தலையைத் தடவறா. இதுக்கு நடுவுல, வித்தவரை நீங்க பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த ஆள் தெரிஞ்சேதான் வாங்கினார்னு அவர் சொன்னதுக்கு இந்த ஸ்டேஷன்ல எல்லாரும் சிரிச்சீங்களாமே. அந்த ஆளுக்கு அவ்வளவு விவரம் ஏதுன்னு கேட்டீங்களாம். எனக்கு மனசு கேக்கலை சார். ஒரு அப்பாவி எனக்காக உள்ள இருக்கக் கூடாதில்லையா. அவர் மேல உள்ள இரக்கத்துலதான் நானே நடந்து வந்தேன்.

அவரை விட்டுடுங்க. அவர் என்னை ஏமாத்தலை. நல்ல வண்டி பக்கத்துலயே நின்னுச்சு. நான் சோதிச்சுப் பாத்து, தெரிஞ்சு, வேணும்னேதான் இந்த வண்டியை எடுத்தேன். என் மச்சானைக் கொன்னேன். எங்க கையெழுத்துப் போடணுமோ காட்டுங்க, போட்டுடறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் சார். இதை எங்க வீட்டுக்குப் போய்ச் சத்தமா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. என் பொண்ணும் இருக்கும்போது.