சிங்கத்தோட வாய்க்குள்ள எறங்குனவ

இல்லங்கக்கா, அவளுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. தூங்குறா. ஜெயங்கொண்டத்துல பஸ் ஏறுனதும் மடியில சாஞ்சவதான். அந்தப் பையக் கொஞ்சம் தள்ளி வச்சிக்கிறீங்களா, கால நீட்டட்டும். இவ இப்படித் தூங்கிப் பாத்து எத்தன நாளாச்சி தெரியுமா.

பேரு தென்றல். மூணாவது படிக்கிறா. கண்ண மூடுனாப் போதும், கெட்ட கனவு. வீல்னு கத்திக்கிட்டு எந்திரிச்சி ஒக்காந்துக்குவா. மந்திரிச்சிப் பாத்தேன், டாக்டர்ட்டயும் காட்டுனேன். அப்பறம் நானே கேட்டேன், அப்படி என்னதாண்டி வருது, சொல்லுன்னு. சொன்னா பாருங்க ஒரு கத.

எங்க சோழபுரத்துக் கோயில்ல சிங்கக் கெணறு இருக்குல்ல? ஆங், அதுதான். அந்தச் சிங்கத்தோட வாய்க்குள்ள படி எறங்குதாம். இவளும் இவ கூட்டாளி சிவரஞ்சனியும் கையப் புடிச்சிக்கிட்டு எறங்குவாங்களாம். கீழ தண்ணி இல்லயாம், பெரிய முந்திரிக்காடாம். ஊருல உள்ளவங்க கனவெல்லாம் பழமாத் தொங்குதாம். செவப்புப் பழமாப் பாத்துத் தின்னா பறக்கலாமாம். சிரிக்கிறீங்க. நானும் மொதல்ல சிரிச்சேன்.

ரெண்டும் பறந்து வெளயாடிட்டுக் கீழ எறங்குறப்ப லாரி வருமாம். சுண்ணாம்புக்கல்லு ஏத்திட்டுப் போவுதுல்ல, அந்த டிப்பர் லாரி. வெளக்கு கெடயாது, ஆரன் கெடயாது. மரத்தையெல்லாம் சாச்சிக்கிட்டு வருமாம். இவ பறந்து தப்பிச்சிருவா. சிவரஞ்சனிக்கு மட்டும் காலு மண்ணுல ஒட்டிக்குமாம். அந்த எடத்துலதான் கத்துவா. தெனமும் அதே எடம்.

எனக்கும் வேலைக்குப் போயிட்டு வந்த அலுப்பு. சரி, இனிமே லாரி வந்தா ஓடாதடி, உள்ள ஏறி பிரேக்க மிதின்னுட்டேன்.

மிதிச்சிட்டாக்கா! டயரப் புடிச்சி ஏறி, கதவத் தொறந்து, சீட்டுக்கு அடியில பூந்து, ரெண்டு காலாலயும் மிதிச்சாளாம். அந்தப் புள்ள மூக்குகிட்ட வந்து நின்னுடுச்சாம் லாரி. சிவரஞ்சனி பாவாடையத் தட்டிக்கிட்டு, போயிட்டு வரேன் தென்றல்னுட்டு அந்தப் பக்கமா நடந்து போயிட்டாளாம். இன்னைக்குக் காலையில சிரிச்சிக்கிட்டு எந்திரிக்கிறா இவ.

டிரைவரா? நானும் கேட்டேங்க, யாருடி ஓட்டுனதுன்னு. தல சீவி விடும்மான்னு சீப்ப எடுத்து நீட்டுறா.

சிவரஞ்சனி எங்களுக்கு அடுத்த தெருப் புள்ள. கிளாஸ்ல இவ பக்கத்துல ஒக்காருவா. ஆமாங்க... நெசமாவே லாரிதான். ஆடி மாசம், பள்ளிக்கொடம் விட்டு ரோட்டத் தாண்டுறப்ப.

அரியலூர் தாண்டிட்டமா? நாங்க திருச்சிக்கு. ஜெயிலுக்குத்தாங்க, இவங்கப்பாவப் பாக்க. ஜாமீன் எடுக்கிறேன்னா வேணாங்குறாரு. போறப்பல்லாம், புள்ள தூங்குறாளான்னு மட்டும் கேப்பாரு. இன்னைக்குத் தூங்குறான்னு சொல்லிரலாம். இவ பிரேக்க மிதிச்சத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அவரும் அன்னைக்கி மிதிச்சாராம்க்கா. லாரி நிக்கல.